'கை சுத்தமில்லை' என்று எழுதிவிட்டார்கள்: வழக்கா, உத்தரவா?

சிங்கப்பூரின் ஈசூனில் வீட்டிலிருந்தே கல்யாணச் சமையல் ஆர்டர் எடுக்கும் ஓர் அக்கா என்று வைத்துக்கொள்வோம். ஃபேஸ்புக் குழு ஒன்றில் யாரோ எழுதுகிறார்: "அந்தம்மாகிட்ட ஆர்டர் கொடுக்காதீங்க, கை சுத்தமில்லை." மறுநாளே ஓர் ஆர்டர் ரத்தாகிறது. அக்கா கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை நாளைக்குள்ள கேஸ் போடணும்?"

நான் வழக்கறிஞன் இல்லை. தமிழ் ஆவணங்களை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொடுத்துப் பிழைப்பவன். ஆனால் இந்தக் கேள்வி என் காதில் அடிக்கடி விழுந்திருக்கிறது.

சிங்கப்பூரில் பதில் எளிது: காலவரம்புச் சட்டப்படி 6 ஆண்டுகள். இதே வரி திருச்சியில் இருக்கும் மச்சானைப் பற்றியதாக இருந்து, அவர் அங்கே நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடுவதானால் ஒரே வருடம்தான். தாமதத்தை மன்னியுங்கள் என்று அங்கே மனுப்போடவும் வழியில்லை. வேடிக்கை என்னவென்றால், இந்தியாவில் கிரிமினல் அவதூறுப் புகாருக்கு 3 ஆண்டுகள் உண்டு. ஊர்க்காரர்கள் பலர் நேரே அந்தப் பக்கம் போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இங்கிலாந்திலும் ஒரு வருடம்தான், ஆனால் நீதிமன்றம் மனம்வைத்தால் தளர்த்தலாம். நம் 6 ஆண்டு தாராளமானது. ஆனால் அந்தத் தாராளத்தை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது.

அக்காவுக்கு முன்னால் மூன்று வழிகள். முதல் வழி, 1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டமும் பழைய பொதுச் சட்டமும் (நீதிமன்றத் தீர்ப்புகளால் உருவானது) சேர்ந்த சிவில் வழக்கு. பணம் கிடைக்கக்கூடிய முக்கிய வழி இதுதான். கேட்கும் தொகை 60,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம், 250,000 வரை மாவட்ட நீதிமன்றம், அதற்கு மேல் உயர் நீதிமன்றம். 2022 ஏப்ரலில் நடப்புக்கு வந்த புதிய நீதிமன்ற விதிகள்படி, தகுந்த காரணம் இல்லாவிட்டால், வழக்குப் போடுமுன் சமாதானமாக முடிக்க எழுத்தில் ஒரு யோசனை வைக்க வேண்டும். அது குறைந்தது 14 நாள் திறந்திருக்க வேண்டும். ஆறாவது வருடத்தின் கடைசி வாரத்தில் வக்கீலைத் தேடிப் போகிறவருக்கு இந்த 14 நாளே இடறும். தாக்கல் செய்த மனுவை 3 மாதத்துக்குள் எதிராளியிடம் சேர்க்க வேண்டும். கோரிக்கை அறிக்கை அவர் கைக்குப் போனதும், சிங்கப்பூரில் இருப்பவர் என்றால், எதிர்க்கிறேன் என்று சொல்ல 14 நாள், எதிர்வாதம் தாக்கல் செய்ய 21 நாள்.

இதையெல்லாம் வக்கீல் பார்த்துக்கொள்வார். அக்காவுக்குத் தலைவலி கொடுக்கப்போவது வேறொன்று. 'என்னைப் பற்றித் தப்பாக எழுதினார்' என்றால் போதாது. எழுதிய சொற்களை அப்படியே வைக்க வேண்டும். தமிழில் எழுதியிருந்தால் தமிழ் மூலமும், கூடவே சான்றிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும். இங்கேதான் 'கை சுத்தமில்லை' சிக்கலாகிறது. சமையல்காரரைப் பற்றிச் சொன்னால் கையைக் கழுவுவதில்லை என்று படிக்கலாம். ஆனால் தமிழில் பணம் கையாடுகிறவரையும் அப்படித்தானே சொல்கிறோம்? முதலாவது சுகாதாரம், இரண்டாவது திருட்டு. எது என்பதைப் பொறுத்து மனுவில் சொல்லும் பொருளே மாறும். மொழிபெயர்ப்பாளன் தன் இஷ்டத்துக்கு ஒன்றைத் தேர்ந்துவிட்டால், எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அதைத்தான். அதனால் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் கொடுத்துவிட்டு, குறிப்புப் பொருளைத் தனியாக வாதிட விடுவதே நல்லது என்பேன்.

அடுத்தது, யார் படித்தார்கள்? பதிவு இணையத்தில் கிடந்தது என்பதாலேயே சிங்கப்பூரில் படிக்கப்பட்டது என்று நீதிமன்றம் தானாக ஊகித்துக்கொள்ளாது. ஆர்டரை ரத்து செய்தவர், "நான் அதைப் பார்த்துத்தான் ரத்து செய்தேன்" என்று சொல்லத் தயாராக இருந்தால் அதுவே பெரிய பலம். ஐந்து வருடம் கழித்து அவரை எங்கே தேடுவது?

ஒவ்வொரு முறை படிக்கப்படும்போதும் புதிய வெளியீடு, கெடுவும் அங்கிருந்து புதிதாக ஓடும் என்பது பழைய விதி. 1830இல் வந்த ஒரு பத்திரிகையை 17 ஆண்டு கழித்து ஆளனுப்பி வாங்கச்சொல்லி, அந்த ஒரு விற்பனையை வைத்தே இங்கிலாந்தில் வழக்கில் ஜெயித்தார் ஜெர்மானியப் பிரபுவான பிரன்ஸ்விக் கோமகன். இங்கிலாந்து 2013இல் அந்த விதியைக் கைவிட்டது. இங்கே அதைத் தூக்கியெறியும் சட்டம் வரவில்லை. ஆனாலும் அதை நம்பிக் காத்திருப்பது கோமகன்களுக்குக் கட்டுப்படியாகும்.

அதிவேகத்துக்கு உதாரணம் வேண்டுமா? 2018 நவம்பரில் வலைப்பதிவர் லியோங் ஸே ஹியான் ஒரு கட்டுரையின் இணைப்பை ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். சொந்தமாக ஒரு சொல்லும் சேர்க்கவில்லை, சில நாளில் நீக்கியும்விட்டார். அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் அதே மாதமே வழக்குத் தொடுத்தார். 2021 மார்ச்சில் உயர் நீதிமன்றம் விதித்த இழப்பீடு 133,000 வெள்ளி. பகிர்ந்தவரும் தப்ப முடியாது என்பது குழு அட்மின்களுக்கு நான் சொல்லும் கதை.

இரண்டாவது வழி, 2014ஆம் ஆண்டின் துன்புறுத்தலிலிருந்து பாதுகாப்புச் சட்டம். 2021 ஜூன் முதல் இதற்கென்றே ஒரு நீதிமன்றம் இயங்குகிறது. பொய்யான தகவலை நீக்கவோ, கூடவே திருத்தம் போடவோ உத்தரவு கேட்கலாம். அவசரம் என்றால் இடைக்கால உத்தரவும் உண்டு. எளிய முறையில் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஆனால் பொய்த் தகவலுக்காக மட்டும் இதில் நஷ்டஈடு வராது. பணம் வேண்டுமென்றால் துன்புறுத்தல் நடந்ததென்று காட்ட வேண்டும். அப்புறம், இது உண்மை-பொய் என்று சோதிக்கக்கூடிய கூற்றுக்குத்தான். 'பழைய சோற்றைச் சூடாக்கிக் கொடுத்தார்' என்பது பொருந்தும். 'சமையல் சகிக்கவில்லை' என்பது அபிப்ராயம், பொருந்தாது. 'கை சுத்தமில்லை' இங்கேயும் நடுவில் நின்று முழிக்கும்.

மூன்றாவதாகப் போலீஸ். தண்டனைச் சட்டம் 499, 500 பிரிவுகளில் 2 ஆண்டு வரை சிறை உண்டு. சமையல் ஆர்டர் தகராறுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்தான் எழுதினார் என்றால் சமூக சமரச நிலையம் மேல்.

பணமா, பதிவு போவதா என்று அக்காவைக் கேட்டால், பெரும்பாலும் இரண்டாவதைத்தான் சொல்வார். அப்படியானால் நேரே இரண்டாவது வழி. தொடர்ந்து ஆர்டர்கள் கைநழுவிப் போய், கணக்குப் புத்தகத்தில் ஓட்டை தெரிகிறதென்றால்தான் வழக்கு. தோற்றால் எதிராளியின் செலவும் நம் தலையில் விழும். இன்னொன்று: வழக்குக்குக் காரணமான இந்த உரிமை வாரிசுக்குப் போகாது. இருவரில் ஒருவர் இறந்தாலும் அதோடு முடிந்தது.

எந்த வழியானாலும், இன்றிரவே அந்தப் பதிவைத் தேதி, நேரம், எழுதியவர் பெயர், கீழே வந்த கருத்துகள் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து இரண்டு இடத்தில் வைக்கச் சொல்வேன். எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தாமல்.