எதோடு ஒப்பிட்டால் பாரபட்சம் தெரியும்? நியூயார்க் போலீஸ் சோதனையும் நான்கு அளவுகோல்களும்

2004 ஜனவரியிலிருந்து 2012 ஜூன் வரை நியூயார்க் போலீஸார் தெருவில் போனவர்களை மறித்து விசாரித்தது 44 லட்சம் தடவை. மறிக்கப்பட்டவர்களில் 52 சதவீதம் கறுப்பினத்தவர், 31 சதவீதம் லத்தீன் வம்சாவளியினர், 10 சதவீதம் வெள்ளையர். பின்னர் இது இனப் பாரபட்சம் என்று நகரத்தின் மேல் வழக்கு வந்தபோது, நீதிமன்றத்தில் இந்த எண்கள் பற்றிப் பெரிய தகராறு இல்லை. இவற்றை எதோடு ஒப்பிடுவது என்பதில்தான் தகராறு.

முதலில் எல்லோர் கையிலும் வருவது மக்கள்தொகை. 2010இல் அந்த நகரத்தில் கறுப்பினத்தவர் 23 சதவீதம், வெள்ளையர் 33 சதவீதம். பார்த்த உடனே கோபம் வரும், நியாயம்தான். ஆனால் இதை மட்டும் வைத்து வாதாடினால் நிற்காது. போலீஸ் எல்லாத் தெருவிலும் ஒரே அளவில் நிற்பதில்லை. புகார் அதிகம் வரும் பகுதிக்கு ஆட்களை அதிகம் அனுப்புகிறார்கள். பெண்களைவிட ஆண்களைத்தான் பல மடங்கு மறிக்கிறார்கள், அதை யாரும் பாரபட்சம் என்று வழக்குப் போடுவதில்லை.

அடுத்தது குற்றக் கணக்கு. நகர நிர்வாகம் பிடித்துக்கொண்டது இதைத்தான். குற்றவாளி எப்படி இருந்தான் என்று மக்கள் சொன்ன அடையாளங்களில் கறுப்பினத்தவர் பங்கு அதிகம், மறிப்பதிலும் அதே பங்குதானே வருகிறது, இதில் என்ன பாரபட்சம் என்று கேட்டது. நியூஜெர்சியில் இருக்கும் என் சித்தப்பா மகனும் போனில் இதையே சொல்வான்.

இந்த வாதத்தை நான் ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். கொலைக் குற்றத்துக்கு இது ஓரளவு பொருந்தும். அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் சுமார் 13 சதவீதம். 2019இல் கொலையானவர்களில் பாதிக்கு மேல் அவர்கள். பிணத்தின் எண்ணிக்கையைப் போலீஸ் கூட்டவோ குறைக்கவோ முடியாது. கஞ்சா கைது அப்படியில்லை. இரண்டு இனத்தவரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் புகைக்கிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. கைதாகும் வாய்ப்போ, 2010 கணக்குப்படி, கறுப்பினத்தவருக்கு வெள்ளையரைப் போல் மூன்றரை மடங்குக்கும் மேல். இங்கே கைதுக் கணக்கு காட்டுவது குற்றத்தை அல்ல, போலீஸ் எங்கே தேடியது என்பதை. அதையே அளவுகோலாக வைத்துப் போலீஸை அளந்தால் கணக்கு எப்போதும் சரியாகத்தான் வரும்!

இன்னொரு ஓட்டை அதைவிடப் பெரியது. அந்த 44 லட்சத்தில் 88 சதவீதம் பேர் மேல் நடவடிக்கை எதுவும் இல்லாமல் விடப்பட்டவர்கள். ஒவ்வொரு தடவையும் போலீஸ்காரர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், காரணக் கட்டங்களில் டிக் போட வேண்டும். அதிகம் டிக் விழுந்தவை இரண்டு: ‘குற்றம் அதிகம் நடக்கும் பகுதி’ சுமார் 55 சதவீதப் படிவங்களில், ‘திருட்டுத்தனமான அசைவு’ சுமார் 42 சதவீதத்தில். கையைப் பையில் விட்டாலும் அசைவு, திரும்பிப் பார்த்தாலும் அசைவு. குற்றமே செய்யாதவர்களை மறித்ததற்குக் குற்றவாளிகளின் இன விகிதத்தை எப்படிக் காரணம் காட்ட முடியும்? 2013 ஆகஸ்ட் தீர்ப்பில் நீதிபதி ஷைரா ஷைன்ட்லின் நகரத்தின் வாதத்தை நிராகரித்ததும் இதே காரணத்தால்தான்.

மூன்றாவது அளவுகோல், மறித்ததில் எவ்வளவு சிக்கியது என்று பார்ப்பது. ஒரு சாராரை லேசான சந்தேகத்திலேயே மறித்தால் அவர்களிடம் சிக்குவது குறையும். நியூயார்க்கில் ஆயுதம் கிடைத்தது கறுப்பினத்தவரை மறித்ததில் 1.0 சதவீதம், லத்தீன் வம்சாவளியினரில் 1.1, வெள்ளையரில் 1.4. மற்ற சட்டவிரோதப் பொருட்களும் வெள்ளையரிடமே கூடுதலாகச் சிக்கின, 2.3க்கு 1.8. மக்கள்தொகை, குற்ற விகிதம் எதையும் இழுக்காமல் போலீஸின் சொந்தப் பதிவையே வைத்துப் பேசுவது இதன் பலம். இதற்கும் ஒரு கோளாறு உண்டு. பத்தில் ஒரு பங்கு சந்தேகம் இருந்தால் சோதனை போடுவது என்ற ஒரே விதியை ஒரு அதிகாரி எல்லோருக்கும் வைத்திருக்கிறார் என்று கொள்ளுங்கள். ஒரு கூட்டத்தில் பொருள் வைத்திருப்பவர்கள் பார்த்தாலே தெரிகிறார்கள், இன்னொன்றில் தெரிவதில்லை. விதி ஒன்றாக இருந்தும் சிக்கும் விகிதம் வேறாகிவிடும். சில சமயம் உண்மையான பாரபட்சமும் இதில் மறைந்துபோகும்.

நான்காவது, இருட்டு. கார்களை மறிப்பதற்கு இதைவிட நல்ல வழி நான் பார்த்ததில்லை. மாலை ஏழு மணிக்கு ஜூனில் வெளிச்சம், டிசம்பரில் இருட்டு. அதே நேரம், ஏறக்குறைய அதே வண்டிகள், ஓட்டுபவர் முகம் மட்டும் தெரிவதில்லை. இருட்டில் கறுப்பின ஓட்டுநர்களின் பங்கு குறைந்தால், வெளிச்சத்தில் முகம் பார்த்துத்தான் மறித்தார்கள் என்று சந்தேகிக்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டு குழு சுமார் 10 கோடி வாகனச் சோதனைப் பதிவுகளைத் திரட்டி 2020இல் வெளியிட்ட ஆய்வில் அப்படித்தான் குறைந்தது. தெருவிளக்கு இருக்கிறது, வண்டியின் தோற்றமே ஆளைக் காட்டிக்கொடுக்கலாம். ஆனால் இந்தக் குறைகள் பெரும்பாலும் வித்தியாசத்தைக் குறைத்தே காட்டும்.

காரை மறிப்பது என்றால் இருட்டுக் கணக்கு, ஆளைச் சோதனை போடுவது என்றால் சிக்கும் விகிதம். என் தேர்வு இதுதான். சித்தப்பா மகன் அடுத்த தடவை குற்றக் கணக்கை எடுத்தால், அதை மறுத்துக்கொண்டிருக்கப் போவதில்லை. 1.0, 1.4 இரண்டையும் சொல்லி, வெள்ளையரிடம் ஏன் அதிகம் சிக்கியது என்று மட்டும் கேட்கப் போகிறேன்.