“பள்ளிக்கூடம் வாசலிலேயே” என்று சொல்லி வீடு விற்கிறார்கள்: முற்பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

யாழ் நகரிலும் அதை ஒட்டிய ஊர்களிலும் இப்போது எழும்புகிற அடுக்குமாடிகள், வீட்டுத் திட்டங்களின் விளம்பரங்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். வேறு எது இல்லாவிட்டாலும் “முன்னணிப் பாடசாலைக்கு நடை தூரம்” என்ற வரி இருக்கும். எங்களுக்கும் அந்த வரியைக் காட்டித்தான் விற்றார்கள். பிள்ளைக்கு அந்தப் பாடசாலையில் இடம் கிடைக்கவில்லை. கட்டிய 15 இலட்சம் முற்பணம் இன்னும் கைக்கு வரவில்லை. இதையெல்லாம் விட என்னை உறுத்துவது, எந்தப் பாடசாலையைக் காட்டி விற்றார்களோ அந்தப் பாடசாலைப் பிள்ளைகளுக்கே அந்தக் கட்டட வேலை ஆபத்தாகிவிட்டது. விடயம் சட்டத்தரணியிடம் இருப்பதால் நிறுவனத்தின் பெயரையும் பாடசாலையின் பெயரையும் எழுதவில்லை.

ஐந்து பரப்புக் காணி. முன்பு ஒரு நாற்சார் வீடும் கிணறும் மாமரங்களும் இருந்த இடம். உரிமையாளர்கள் வெளிநாட்டில், விற்றுவிட்டார்கள். அதில் ஐந்து மாடி, முப்பது வீடு. அதே ஒழுங்கையில், ஒரு மதில் தள்ளிப் பாடசாலை. நிறுவனத்துக்காக வந்து பேசியவர் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது: “அக்கா, தரம் ஒண்டுக்கு நீங்கள் யோசிக்கவே தேவையில்லை. விலாசம் இஞ்ச வந்தாச் சரி. அதிபரும் எங்களுக்குத் தெரிஞ்ச ஆள்தான்.” துண்டுப் பிரசுரத்தில் அகலமான வீதி, இரண்டு பக்கமும் நடைபாதை, நிழல் மரம் எல்லாம் வரைந்திருந்தார்கள். உண்மையில் அது இரண்டு ஓட்டோ எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னுக்குப் போக வேண்டிய ஒழுங்கை. “ஒழுங்கையை அகலமாக்கி, வடிகால் கட்டித் தருவம். வேலை வாகனம் எல்லாம் பின் றோட்டாலதான் வரும், பள்ளிக்கூடம் தொடங்குற நேரமும் விடுற நேரமும் ஒண்டும் வராது” என்றார்.

முதலில் அனுமதி விடயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் பலர் மாட்டுகிறார்கள். அரச பாடசாலையில் தரம் 1 அனுமதி அதிபரைத் தெரிந்தவர்கள் கொடுக்கிற ஒன்று இல்லை. கல்வி அமைச்சின் சுற்றறிக்கைதான் அதைத் தீர்மானிக்கிறது. அண்மைய ஆண்டுகளின் சுற்றறிக்கைகளில் 50 வீதம் அருகில் வசிப்போருக்கு, 25 வீதம் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு, 15 வீதம் ஏற்கனவே அங்கே படிக்கிற பிள்ளைகளின் சகோதரங்களுக்கு. மிச்சம் கல்வித் துறையில் வேலை செய்வோர், இடமாற்றத்தில் வந்த அரச ஊழியர், வெளிநாட்டிலிருந்து திரும்பியோர் என்று போகும். அருகில் வசிப்போருக்கே பாதி இடம் என்பதைத்தான் விற்பவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். அந்தப் பாதிக்குள்ளும் புள்ளிக் கணக்கு இருப்பதை யாரும் சொல்வதில்லை.

தாய் தகப்பன் இருவரும் அந்த முகவரியில் வாக்காளர் இடாப்பில் கடந்த 5 வருடமாகப் பதிந்திருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். வீட்டு உறுதி யார் பெயரில், எத்தனை வருடமாக இருக்கிறது என்று பார்ப்பார்கள். 5 வருடத்துக்குக் குறைந்தால் புள்ளியும் குறையும். பிறகு தூரம். நீங்கள் கேட்கிற பாடசாலையை விடக் கிட்டவாக ஆரம்பப் பிரிவு உள்ள வேறு அரச பாடசாலை இருந்தால் அதற்கும் புள்ளி கழியும். யாழ்ப்பாணம் போலப் பாடசாலைகள் நெருங்கி இருக்கிற ஊரில் இது சின்ன விடயம் இல்லை. தேவைப்பட்டால் வீட்டுக்கே வந்தும் பார்ப்பார்கள். புதிதாக வீடு வாங்கிப் போகிற குடும்பத்துக்கு இதில் எத்தனை புள்ளி கிடைக்கும் என்று நீங்களே கணக்குப் பார்க்கலாம்.

அடுக்குமாடி என்றால் இன்னொரு சிக்கல். 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க அடுக்குமாடி உரிமைச் சட்டத்தின்படி, கட்டடத்தின் திட்டப்படம் காணிப் பதிவகத்தில் பதிவாகிய பிறகுதான் உங்கள் வீட்டுக்கென்று தனி உறுதி எழுத முடியும். அதுவரை உங்கள் கையில் இருப்பது விற்பனை உடன்படிக்கை மட்டும். அதைக் கொண்டுபோய் பாடசாலை அனுமதி நேர்முகத்தில் வைத்தால் அது வீட்டு உறுதி ஆகாது. அனுமதிக்கு ஜனவரி 31 ஆம் திகதி 5 வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். பிள்ளையின் வயது கட்டடம் முடியும்வரை காத்திருக்காது. எங்கள் மகனுக்கு விண்ணப்பம் கோரியபோது அங்கே மூன்றாம் மாடிக்குத் தட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவன் இப்போது நாங்கள் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்குப் பக்கத்துச் சின்னப் பாடசாலைக்குப் போகிறான். வகுப்பில் பிள்ளைகள் குறைவு. ரீச்சர் ஒவ்வொருவரின் கொப்பியையும் தானே பார்க்கிறா. இப்படியான பாடசாலைகள் பிள்ளைகள் இல்லாமல் நிற்க, பெயர்பெற்ற ஒன்றைச் சுற்றி இத்தனை இலட்சம் கொட்டப்படுவதை நினைத்தால் ஆற்றாமையாக இருக்கிறது.

இனி அந்த ஒழுங்கை. அக்காவின் மகள் அந்தப் பாடசாலையில் தரம் 4. அவளைக் கொண்டுபோய் விடுவது நான்தான் என்பதால் நடந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். பாடசாலை 7.30 இற்குத் தொடங்கும். 7 மணியிலிருந்து ஒழுங்கை முழுக்கச் சைக்கிளும் ஓட்டோவும் நடந்து வருகிற பிள்ளைகளும். அந்த நேரத்தில்தான் கல்லும் மணலும் ஏற்றிய டிப்பர் வரும். ஒழுங்கைக்குள் திருப்ப இடமில்லை, அதனால் பிரதான வீதியிலிருந்தே பின்பக்கமாக வரும். பின்னுக்கு நின்று கை காட்ட ஒருவரும் இல்லை. பிள்ளைகள் மதிலோடு ஒட்டி நிற்பார்கள். டிப்பரின் பின்பக்கம் நிற்கிற ஆறு வயதுப் பிள்ளை சாரதியின் கண்ணாடியில் தெரியாது. அது சாரதியின் கவனக்குறைவு இல்லை, வாகனத்தின் உயரம் அப்படி.

ஒருநாள் மறித்துக் கேட்டேன். அந்தத் தம்பி கோபிக்கவில்லை. “அக்கா, எனக்கு லோட்டுக்குத்தான் காசு. எட்டு மணிக்குப் பிறகு வந்தா ஒரு நாளைக்கு ரெண்டு லோட் போயிடும். சைட்டில சொன்னா நான் பிந்தி வாறன், அவை சொல்ல மாட்டினம்.” அவன் சொன்னது சரி. லோட் கணக்கில் காசு கொடுத்து, நேரத்தைச் சாரதியின் தலையில் கட்டிவிட்டு, அலுவலகத்தில் இருந்துகொண்டு “எங்களுக்குத் தெரியாது” என்பவர்களிடம்தான் கோபம் போக வேண்டும். பின் றோட்டு என்று சொன்னார்களே, அந்தப் பக்கம் வாசலே வெட்டவில்லை.

ஒழுங்கை ஓரத்து வடிகாலுக்குப் போட்டிருந்த கொங்கிரீட் மூடிகள் டிப்பரின் பின் சில்லு ஏறி உடைந்தன. திருத்தச் சொல்லிக் கேட்டோம், “மழைக்கு முதல் செய்வம்” என்றார்கள். கார்த்திகை மழை வந்தது. சேற்றுத் தண்ணீர் ஒழுங்கையையும் வடிகாலையும் ஒரே மட்டமாக மூடிவிட்டது. அக்காவின் மகள் டிப்பருக்கு விலத்தப் போய் அந்த உடைந்த இடத்தில் கால் வைத்தாள். முழங்காலுக்குக் கீழே கம்பி கிழித்தது. வெள்ளைச் சீருடை, சப்பாத்து எல்லாம் இரத்தம். தையல் போட்டார்கள். அடுத்த நாள் நிறுவனம் செய்தது, அந்தக் குழியில் ஒரு தடியை நட்டு அதில் சிவப்புத் துணி கட்டியது. அவ்வளவுதான்.

தண்ணீர் அங்கே நின்றதற்கும் காரணம் உண்டு. எங்கள் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. தட்டையான நிலம். மாரி மழை குளங்களுக்கும் வாய்க்கால்களுக்கும் வெறுங்காணிகளுக்கும் பரவித்தான் வடிய வேண்டும். அந்த ஐந்து பரப்பும் முன்பு தண்ணீர் குடித்த காணி. இப்போது கிரவல் போட்டு உயர்த்தி, கொங்கிரீட்டால் மூடிவிட்டார்கள். தாழ்வாக இருப்பது பாடசாலை மைதானம். மழை விட்டு நாட்கணக்கில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் வாங்கிலேயே இருக்க வேண்டியிருந்தது. மின்தூக்கிக்கென்று வெட்டிய குழியிலும் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகியது. 2023 கடைசியில் யாழ்ப்பாணத்தில் டெங்கு எப்படிப் பரவியது என்று பார்த்த எவரும் இதைச் சும்மா விடமாட்டார்கள். இதில் மட்டும் உடனே பலன் கிடைத்தது. 2007 ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம் இருப்பதால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்த கையோடு குழியை இறைத்துவிட்டார்கள்.

முப்பது வீட்டின் மலசலகூடக் குழிகள் பாடசாலை மதிலோடு வருவதாக வரைபடத்தில் இருக்கிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் பாடசாலைக் கிணறு. கீழே சுண்ணாம்புக்கல், அதன் வெடிப்புகளுக்குள்ளால் கழிவு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. தாளையடிக் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் 2024 இல் திறக்கப்பட்டாலும் இன்னும் எத்தனையோ இடங்களில் கிணறுதான் தண்ணீர்.

வீதி பற்றி முறையிடப் போகிறவர்களுக்கு ஒன்று. ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. சி, டி வகை மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. ஒழுங்கைகள் அனேகமாக உங்கள் மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ உரியவை. இது தெரியாமல் போனால் ஒவ்வோர் இடத்திலும் மற்ற இடத்தைக் காட்டுவார்கள். எங்களையும் அப்படித்தான் அலைக்கழித்தார்கள். தனித்தனியாகப் போன பெற்றோரை யாரும் கணக்கெடுக்கவில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கடிதத் தலைப்பில் எழுதி, பிரதி வலயக் கல்விப் பணிமனைக்கும் பொலிசுக்கும் போட்ட பிறகுதான் பதில் வரத் தொடங்கியது.

காசு விடயம். உடன்படிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. அவர்களுடைய ஆள் பக்கத்தில் இருந்து தமிழில் விளக்கினார். விளக்காத ஒரு பந்தி பின்பக்கத்தில் இருந்தது: விளம்பரத்திலும் வாய்மொழியாகவும் சொன்னவை இந்த உடன்படிக்கையின் பகுதி ஆகா. வாங்குபவர் விலகினால் நிர்வாகச் செலவு கழிக்கப்படும், எவ்வளவு என்று குறிப்பிடவில்லை. திருப்பிக் கேட்டபோது முதலில் கால்வாசியைக் கழித்துத் தருவதாகச் சொன்னார்கள், பிறகு தொலைபேசியை எடுக்கவே இல்லை. இப்போது எங்கள் சட்டத்தரணி கோரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்கிறார்.

ஆகவே, முற்பணம் கட்டுமுன் சொந்தமாக ஒரு சட்டத்தரணியிடம் உடன்படிக்கையைக் காட்டுங்கள். நிறுவனம் ஒழுங்கு செய்து தருகிற நொத்தாரிசு போதாது. பாடசாலை, ஒழுங்கை, வடிகால், வேலை வாகனம் பற்றி வாயால் சொன்ன எதையும் உடன்படிக்கையில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அதைச் செய்கிற எண்ணம் அவர்களுக்கு இல்லை. காலை 7.15 இற்கு அந்த ஒழுங்கையில் போய் நின்று பாருங்கள். மாலையில் கார் அனுப்பிக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள், அப்போது ஒழுங்கை வெறுமையாக இருக்கும். லண்டனிலும் கனடாவிலும் இருந்து ஊரில் உள்ள சகோதரங்களுக்காகக் காசு அனுப்புகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். கைபேசியில் வருகிற வீடியோவில் டிப்பர் இருக்காது.

கட்டுமான அனுமதியையும் பாருங்கள். காட்ட மறுத்தால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. நாங்கள் கேட்டது: அபிவிருத்தி அனுமதிப் பத்திரம், அங்கீகரித்த வரைபடம், கழிவுநீர்க் குழிகளின் அமைவிடம், வாகன வாசல் எந்த வீதியில் என்ற விபரம். பிரதி கைக்கு வந்தபோதுதான், வேலை வாகனங்கள் பின் வீதியால் மட்டுமே வர வேண்டும் என்பது அனுமதியின் நிபந்தனையாகவே இருந்தது தெரிந்தது. நிறுவனம் அதில் கையெழுத்தும் வைத்திருந்தது. அதைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் சபையின் முன் வைத்த பிறகு, இப்போது டிப்பர்கள் 8 மணிக்குப் பிறகு வருகின்றன. பின் வாசல் இன்னும் வெட்டப்படவில்லை, வடிகால் மூடிகளும் போடவில்லை, குழிகளை மாற்றுவது பற்றிப் பேச்சே இல்லை.

அனுமதியின் பிரதிக்கு எழுதுகிறவர்கள் நிபந்தனைப் பக்கங்களையும் சேர்த்துத் தரும்படி தனியாகக் குறிப்பிடுங்கள். எங்களுக்கு முதலில் முன்பக்கத்தை மட்டும் தந்து அனுப்பிவிட்டார்கள்.