வாஷிங்டனுக்கு அசெலாவா, ரீஜனலா?

நியூஜெர்சியில் எடிசன், ஐஸ்லின் பக்கம் குடியிருந்து, வேலை விஷயமாக அடிக்கடி வாஷிங்டன் போய்வருகிறவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்காது. அமெரிக்காவின் தேசியப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் அதிவேக ரயிலான அசெலாவில் போவதா, அதே தண்டவாளத்தில் ஓடும் நார்த்ஈஸ்ட் ரீஜனலில் போவதா? இரண்டிலும் போய்ப் பார்த்துவிட்டு நான் ரீஜனலோடு நின்றுவிட்டேன். சொந்தக் காசில் போகிறவர்களுக்கு அதுதான் சரி என்பது என் எண்ணம்.

வசதியில் அசெலா மேல், அதில் பேச்சே இல்லை. 2025 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய புதிய அசெலாவோடு ஒப்பிட்டால், 1970-களில் செய்த ரீஜனல் பெட்டிகள் கிழடுதான். விலையில் ரீஜனல் மேல். அசெலாவில் சாதாரண வகுப்பே கிடையாது. பிசினஸ் கிளாஸிலிருந்துதான் தொடக்கம். முன்கூட்டியே பதிவு செய்தால் ரீஜனல் டிக்கெட் அதில் பாதி விலைக்கும் கீழே கிடைக்கிற நாள்கள் நிறைய. எங்கள் பக்கத்து ஸ்டேஷனான மெட்ரோபார்க்கில் எல்லா அசெலாவும் நிற்பதும் இல்லை.

அப்போது கூடுதல் பணம் எதற்கு? நேரத்துக்கு. சிக்கலே அங்கேதான். நியூயார்க்கிலிருந்து வாஷிங்டன் சுமார் 226 மைல். அசெலாவுக்கு ஏறத்தாழ 2 மணி 50 நிமிடம்; ரீஜனலுக்கு 3 மணி 20 நிமிடத்திலிருந்து மூன்றரை மணி வரை. புதிய அசெலா மணிக்கு 160 மைல், அதாவது 257 கிலோமீட்டர் போகக்கூடிய வண்டி. ரீஜனலின் உச்சம் 125 மைல். இவ்வளவு வித்தியாசம் இருந்தும் மிச்சமாவது அரை மணி, மிஞ்சிப்போனால் நாற்பது நிமிடம். அதிலும் ஒரு பங்கு, அசெலா குறைவான ஊர்களில் நிற்பதால் வருவது. வண்டியின் மேல் குற்றமில்லை. அதன் தலைக்கு மேலேயும் சக்கரத்துக்குக் கீழேயும் இருப்பவற்றுக்கு வயதாகிவிட்டது.

தலைக்கு மேலே மின்கம்பி. இந்தத் தடத்தை மின்மயமாக்கியது பென்சில்வேனியா ரயில்ரோடு என்ற பழைய தனியார் நிறுவனம். வாஷிங்டன் வரை 1935-இல் வேலை முடிந்தது. கம்பியின் இரு முனைகளையும் அசையாமல் கட்டிவிடும் அந்தக் காலத்து முறை. வெயில் ஏறினால் கம்பி நீண்டு, துணி காயப்போடும் கொடி மாதிரித் தொய்யும். குளிரில் விறைக்கும். ரயிலின் கூரையில் இருக்கும் பேன்டோகிராஃப் இந்தக் கம்பியை உரசியபடியே மின்சாரம் எடுக்கிறது. வேகம் கூடக்கூடக் கம்பியில் அலை எழும். தொய்ந்த கம்பியில் அலை பெரிதானால் பேன்டோகிராஃப் சிக்கி, கம்பியையே அறுத்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் பழைய கம்பிக்குக் கீழே அசெலாவையும் 135 மைலோடு நிறுத்திவிடுகிறார்கள். 125-க்கும் 135-க்கும் நடுவில் எத்தனை நிமிடம் மிச்சம் பிடித்துவிட முடியும்?

இப்போதைய முறையில் கம்பியின் முனையில் எடைகளைத் தொங்கவிடுகிறார்கள். வெயிலானாலும் குளிரானாலும் இழுவிசை மாறாது. நியூ பிரன்ஸ்விக்குக்கும் டிரென்டனுக்கும் இடையில் ஏறத்தாழ 24 மைலுக்கு அப்படி மாற்றும் வேலையை எடுத்துச் செய்தார்கள். தெற்குப் பக்கத்தில் அசெலா தன் வேகத்தைக் காட்டுகிற இடம் அதுதான். கஃபே பெட்டிக்குப் போய்க் காப்பி வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் கடந்துவிடும்.

கீழே பார்த்தால் இன்னும் பழசு. பால்டிமோரில் இருக்கும் சுரங்கப்பாதை 1873-இல் திறந்தது. உள்ளே வளைவு அவ்வளவு கடுமை, எந்த வண்டியானாலும் 30 மைல்தான். கூடுதல் பணம் கொடுத்தவரும் கொடுக்காதவரும் அங்கே சேர்ந்தேதான் ஊர்கிறார்கள். அதற்கு மாற்றாக ஃபிரெடரிக் டக்ளஸ் பெயரில் புதிய சுரங்கம் அமைக்கிறார்கள். அதில் 100 மைல் வேகத்தில் போகலாம். அது திறந்தால் ரீஜனலுக்கும் அதே பலன் உண்டு, ஆக இரண்டுக்கும் உள்ள இடைவெளி அதனால் பெரிதாக விரியப்போவதில்லை. ஃபிலடெல்ஃபியாவின் ஃபிராங்க்ஃபோர்ட் வளைவில் வரம்பு 50 மைல். 2015 மே மாதம் அங்கே 106 மைல் வேகத்தில் நுழைந்த ரீஜனல் ஒன்று தடம்புரண்டு 8 பேர் இறந்தார்கள்.

நியூயார்க்குக்கும் நியூஜெர்சிக்கும் நடுவே ஹட்சன் ஆற்றுக்கு அடியில் போகும் சுரங்கங்கள் 1910-இல் திறந்தவை. 2012 சாண்டி புயலில் கடல்நீர் புகுந்து, அந்த உப்பு இன்னும் கான்கிரீட்டையும் கேபிளையும் அரிக்கிறது. மெட்ரோபார்க்கில் ஏறித் தெற்கே போகிறவருக்கு இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். ஆனால் வண்டி அந்த வழியாகத்தானே வந்தாக வேண்டும்! 2024 கோடையில் இந்தப் பகுதியில் கம்பிக் கோளாறும் மின்கோளாறும் அடுத்தடுத்து வந்தபோது அசெலா, ரீஜனல், நியூஜெர்சி டிரான்சிட் எல்லாமே மாட்டிக்கொண்டன. தாமதத்துக்கு வகுப்பு வித்தியாசம் தெரியாது. அந்த நேரத்தில் கையில் இருப்பது மலிவான டிக்கெட் என்றால் வயிற்றெரிச்சலாவது குறைவு.

பிரான்ஸில் 1981-இல் பாரிஸ்–லியோன் இடையே புதிய தடமே போட்டார்கள். அதிவேக வண்டி பழைய தடத்துக்கு வருவது நகரங்களை நெருங்கும்போது மட்டும். இங்கே வாசலுக்கு வாசல் ஊர் இருக்கிறது. நிலம் எடுப்பது லேசில்லை. பழைய தடத்தை மூடிவிட்டு வேலை பார்க்கவும் வழியில்லை, உள்ளூர் ரயில்கள் எல்லாம் அதை நம்பித்தான் ஓடுகின்றன. இடையே கிடைக்கும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற்ற முடியும். 1969-இல் இதே தடத்தில் வந்த மெட்ரோலைனர் ரயில்களில் நடுவில் நிற்காத வண்டி ஒன்று, நியூயார்க்–வாஷிங்டனுக்கு இரண்டரை மணி என்று அட்டவணை போட்டது. இன்றைய அசெலாவே அதைத் தொடவில்லை.

அலுவலகம் டிக்கெட் போட்டுக் கொடுத்தால் அசெலாவில் தாராளமாக ஏறுங்கள், நானும் ஏறுவேன். பாஸ்டன் போகிறவர்கள் மட்டும் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பக்கம் நான் அதிகம் போனதில்லை. கனெக்டிகட்டில் நியூ ஹேவன் வரை பழைய தூக்குப்பாலங்களும் வளைவுகளும் அசெலாவை இழுத்துப் பிடிக்கின்றன. அதைத் தாண்டினால் 2000-இல் போட்ட புதுக் கம்பி. ரோட் ஐலண்டில் வண்டி நிஜமாகவே பறக்கிறது. நேரம் இறுக்கமான நாளில் அங்கே அசெலா கொடுத்த காசுக்குத் தகுந்ததாக இருக்கலாம்.