அட்டால் ரீஃபண்ட் ரிவ்யூ: டூர் கம்பெனி மஞ்ச நோட்டீஸ் கொடுத்தும் காசு வந்துச்சு (120 பவுண்ட் தவிர)

அட்டால்னா (ATOL), பிரிட்டன்ல டூர் கம்பெனி திவால் ஆனா நாம கட்டின காச திருப்பித் தர்ற பாதுகாப்பு திட்டம். முதல்லயே சொல்லிடறேன், காசு வந்துடுச்சு. 3,140 பவுண்ட், ஃபார்ம் போட்ட 47வது நாள் அக்கவுன்ட்ல விழுந்துச்சு, அதனால இது புலம்பல் ரிவ்யூ இல்ல. ஆனா அந்த 47 நாளும் நான் தூங்கினதா சொன்னா என் வொய்ஃபே நம்பமாட்டா.

நாங்க இங்கிலாந்துல இருக்கோம், ரெண்டு பசங்க, ஸ்கூல் அக்டோபர் லீவுக்கு துருக்கி போலாம்னு பிப்ரவரியிலயே பேக்கேஜ் போட்டாச்சு. ஃப்ளைட், ஹோட்டல், காலை சாப்பாடு எல்லாம் சேர்த்து. கம்பெனி பேரு வேண்டாம், ஹை ஸ்ட்ரீட்ல கடை வச்சிருந்தாங்க, கவுன்டர்ல இருந்த பொண்ணு ரொம்ப நல்ல பொண்ணு, பாவம் அதுக்கும் வேலை போயிடுச்சு. ஆகஸ்ட்ல ஒரு திங்கக்கிழமை காலைல ஆபீஸ் நண்பர் ஒருத்தர் வாட்ஸ்அப்ல "நீங்க போட்டது இந்த கம்பெனி தானே?"ன்னு ஒரு லிங்க் அனுப்பினாரு. திறந்து பாத்தா கம்பெனி வெப்சைட்ல படம், ஆஃபர் எல்லாம் காணோம், வெள்ளைப் பக்கத்துல நாலு வரி, வியாபாரத்த நிறுத்திட்டோம்னு. அவ்ளோதான்.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது எங்கப்பா. 90கள்ல மதுரைல ஒரு ஃபைனான்ஸ் கம்பெனில பணம் போட்டு, அவன் ஷட்டர இறக்கிட்டு ஓடி, அப்பா டெபாசிட் ரசீத பிளாஸ்டிக் கவர்ல போட்டு எடுத்துக்கிட்டு கமிஷனர் ஆபீஸ் வாசல்ல வரிசைல நின்னது. அந்த கவர் இன்னும் பீரோல இருக்கு. அம்மாவுக்கு போன் பண்ணி விஷயத்த சொன்னா, "அங்கயும் ஐபி கொடுப்பாங்களாடா?"ன்னு கேட்டாங்க (ஐபின்னா அதே மஞ்ச நோட்டீஸ், திவால்). கொடுப்பாங்கம்மா, நல்லாவே கொடுப்பாங்க.

சரி மேட்டருக்கு வரேன். இங்க ஃப்ளைட்டோட சேர்த்து பேக்கேஜ் விக்கற கம்பெனி எதுவா இருந்தாலும் இந்த அட்டால் லைசென்ஸ வாங்கியே ஆகணும். சிவில் ஏவியேஷன் அத்தாரிட்டி, அதான் சிஏஏ, அவங்கதான் நடத்தறாங்க. நாம புக் பண்ற ஒவ்வொரு ஆளுக்கும் கம்பெனி 2.50 பவுண்ட் எடுத்து ஏர் டிராவல் டிரஸ்ட்னு ஒரு ஃபண்ட்ல கட்டணும். கம்பெனி விழுந்தா அந்த ஃபண்ட்லருந்துதான் நமக்கு தராங்க. அதாவது எங்க நாலு பேருக்கு 10 பவுண்ட், ரெண்டு பிரியாணி காசு கூட இல்ல, அதுதான் 3,140ஐ காப்பாத்துச்சு. அப்பா போட்ட கம்பெனிக்கு இப்படி முன்னாடியே யாராவது கொஞ்சம் எடுத்து தனியா வச்சிருந்தா அந்த கவர் பீரோல இருந்திருக்காது.

பணம் கட்டினதும் ஈமெயில்ல அட்டால் சர்டிஃபிகேட்னு ஒண்ணு வரும். நூத்துக்கு தொண்ணூறு பேர் திறந்தே பாக்கமாட்டோம், நானும் பாக்கல. ஸ்பாம் ஃபோல்டர்ல கிடந்தத அன்னிக்கு காலைல தேடி எடுத்தப்ப வந்த நிம்மதி இருக்கே... அதுல யார் யாருக்கு, எதுக்கு பாதுகாப்பு, எந்த கம்பெனி, அட்டால் நம்பர் என்னன்னு எல்லாம் இருக்கும். பேக்கேஜா இல்ல வெறும் ஃப்ளைட்டான்னும் போட்டிருக்கும். அந்த நம்பர சிஏஏ வெப்சைட்ல தட்டி பாத்தா லைசென்ஸ் உண்மையான்னு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும். இத காசு கட்றதுக்கு முன்னாடி பண்ணணும், நான் பண்ணினது கம்பெனி செத்த பிறகு.

ஃபார்ம் ஆன்லைன்லதான். புக்கிங் இன்வாய்ஸ், அந்த சர்டிஃபிகேட், காசு கட்டினதுக்கு பேங்க் ஸ்டேட்மென்ட், இது மூணும் கேட்டாங்க. நான் அவசரத்துல ஸ்டேட்மென்ட்ட போன்ல போட்டோ எடுத்து போட்டேன், அதுல என் பேரு வெட்டிப்போச்சு, அதனால மறுபடி கேட்டு ஒரு ஈமெயில், அது என் தப்புதான், ஒரு வாரம் வீண். கம்பெனி மேல நமக்கு இருக்கற உரிமைய டிரஸ்ட்டுக்கு மாத்தி எழுதிக் கொடுக்கற மாதிரி ஒரு கையெழுத்தும் உண்டு, பயப்பட வேண்டாம், காசு நமக்கு கொடுத்துட்டு அவங்க போய் அந்த கம்பெனிகிட்ட முட்டிக்குவாங்கன்னு அர்த்தம். ஒரே காசுக்கு பேங்க்லயும் இங்கயும் ரெண்டு பக்கமும் கேக்கக் கூடாது, அத தெளிவா போட்டிருக்காங்க. இன்னொண்ணு, ஒவ்வொரு கம்பெனி விழறப்பவும் வழி கொஞ்சம் மாறும், கிரெடிட் கார்டுல கட்டினவங்க மொதல்ல கார்டு கம்பெனிகிட்ட போங்கன்னு சொல்றதும் உண்டு, அதனால அந்த கம்பெனி பேர்ல சிஏஏ போடற நோட்டீஸ முழுசா படிங்க, ஃபேமிலி குரூப்ல சித்தப்பா ஃபார்வர்ட் பண்றத நம்பி இறங்காதீங்க.

இடைல ஒரு காமெடி. நாலாவது நாள் ஒருத்தன் போன் பண்றான், "ரீஃபண்ட் டிபார்ட்மென்ட்லருந்து பேசறேன், உங்க கார்டு நம்பர் சொன்னா இப்பவே திருப்பிடுவேன்"னு. குரல் அப்படி ஒரு மரியாதை. கம்பெனி விழுந்த செய்தி வந்ததும் இவனுங்களும் கடைய திறந்துடறானுங்க. வச்சுட்டேன். சிஏஏ அப்படி எனக்கு போன் பண்ணவே இல்ல, எல்லாம் ஈமெயில், ஃபார்ம்தான்.

இந்த சிஸ்டத்த பெரிசா சோதிச்சு பாத்தது 2019ல. தாமஸ் குக்ங்கற டூர் கம்பெனி 1841ல ஆரம்பிச்ச வியாபாரம், 178 வருஷம், செப்டம்பர் 23 விடியக்காலைல மூடிட்டாங்க. அப்ப வெளிநாட்டுல மாட்டினவங்க மட்டும் சுமார் ஒன்றரை லட்சம் பேர். ஆபரேஷன் மேட்டர்ஹார்ன்னு பேர் வச்சு ரெண்டு வாரம் வாடகை ப்ளேன் ஓட்டி கூட்டிட்டு வந்தாங்க. இன்னும் கிளம்பாம காசு மட்டும் கட்டியிருந்த புக்கிங் சுமார் 3.6 லட்சம், அதுக்கு அக்டோபர் 7ல ஃபார்ம் திறந்து, எல்லாம் சரியா இருந்தா 60 நாள்ல கொடுப்போம்னு சொன்னாங்க. என்னோட 47 நாள் அதுக்கு பக்கத்துல பரவால்ல. (அந்த டைம்ல ஊர்ல இருக்கற தாமஸ் குக் இந்தியாவும் போச்சான்னு எல்லாரும் பயந்தாங்க, அது 2012லயே கனடா ஃபேர்ஃபாக்ஸ் கைக்கு போன தனி கம்பெனி, அதுக்கு ஒண்ணும் ஆகல.) ஒரு விஷயம், 2017ல மொனார்க் ஏர்லைன் விழுந்தப்பவும் சரி, தாமஸ் குக்லயும் சரி, அட்டால் இல்லாதவங்களையும் கவர்மென்ட் சேத்து கூட்டிட்டு வந்துச்சு. அது அன்னிக்கு அவங்க எடுத்த முடிவு, சட்டம் இல்ல. அடுத்த தடவையும் ப்ளேன் வரும்னு எண்ணிக்கிட்டு ஸ்பெயின் பீச்ல படுத்துடாதீங்க.

அட்டால் எங்க கைய விரிக்கும்னும் சொல்லணும். தர்றது ரீஃபண்ட், நஷ்டஈடு இல்ல. நிறைய பேர் ரெண்டையும் ஒண்ணுன்னு நினைக்கறாங்க. கட்டின காசு வரும், அவ்ளோதான். அதே ஹோட்டல அக்டோபருக்கு வேற கம்பெனில பாத்தா 3,900, அந்த வித்தியாசத்த யாரும் தரமாட்டாங்க. நான் தனியா போட்டிருந்த ஏர்போர்ட் பார்க்கிங் 86 பவுண்ட் போச்சு, ஏன்னா அது பேக்கேஜ்ல சேராது. டிராவல் இன்ஷூரன்ஸ் இருக்கேன்னு பெருமையா பாலிசிய எடுத்து படிச்சா, கம்பெனி திவால் ஆனா கவர் கிடையாதுன்னு 14வது பக்கத்துல எறும்பு சைஸ்ல எழுத்து. அந்த கவர் உள்ள பாலிசியும் இருக்கு, கேட்டு வாங்கணும். கடைசில துருக்கி போகல, வேல்ஸ்ல ஒரு வீடு எடுத்து அஞ்சு நாள் மழைய பாத்துட்டு வந்தோம், சின்னவன் இன்னும் என்னை மன்னிக்கல.

இப்ப ஆபீஸ் நண்பர் கதை, திருநெல்வேலிக்காரர். அவர் வேற ஒரு தடவை ஏர்லைன்கிட்டயே நேரா டிக்கெட் எடுத்திருந்தாரு, ஏர்லைன் படுத்துடுச்சு. ஏர்லைன்ல நேரா எடுத்தா அட்டால் கிடையாது. ஆனா மனுஷன் கிரெடிட் கார்டுல போட்டிருந்தாரு, அங்கதான் தப்பிச்சாரு. 1974 கன்ஸ்யூமர் கிரெடிட் சட்டத்துல செக்‌ஷன் 75னு ஒண்ணு இருக்கு, ஒரு பொருள் விலை 100 பவுண்டுக்கு மேல 30,000 வரைக்கும் இருந்தா, வித்தவன் ஏமாத்தினாலோ, சொன்னபடி தராம போனாலோ கார்டு கம்பெனியும் அதே அளவுக்கு பொறுப்பு. அட்வான்ஸ் மட்டும் கார்டுல கட்டியிருந்தா கூட முழுத் தொகைக்கும் பொருந்தும். பேங்க்ல (பேர் வேண்டாம்) மொதல்ல "ஏர்லைன்கிட்ட கேளுங்க"ன்னு ரெண்டு தடவை திருப்பி அனுப்பினாங்களாம், இல்லாத ஏர்லைன்கிட்ட எப்படி கேக்கறது? மூணாவது தடவை "செக்‌ஷன் 75 கிளைம்"னு அந்த வார்த்தையவே போட்டு லெட்டர் எழுதினாரு, அஞ்சு வாரத்துல வந்துடுச்சு. எட்டு வாரம் ஆகியும் பேங்க் இழுத்தா பேங்க் மேல வர்ற புகார விசாரிக்கற ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மன்கிட்ட போலாம், ஃப்ரீதான். டெபிட் கார்டுன்னா சார்ஜ்பேக், அதாவது கட்டின காச பேங்க் வழியா திருப்பி இழுக்கறது, கேக்கலாம், அது சட்டம் இல்ல, விசா, மாஸ்டர்கார்டு வச்சிருக்கற ரூல், கெடு இருக்கு, சீக்கிரம் போகணும்.

நம்ம ஆளுங்க கவனிக்க வேண்டிய இடம் ஒண்ணு. லண்டன்ல ஈஸ்ட் ஹாம், வெம்பிளி பக்கம் சென்னை, திருச்சி, கொழும்பு டிக்கெட் போடற கடைகள்ல "அண்ணே, பேங்க் டிரான்ஸ்ஃபர் பண்ணிடுங்க, 20 பவுண்ட் குறைச்சு தரேன்"ம்பாங்க. தெரிஞ்ச முகம், கோயில்ல பாக்கற முகம், நாமளும் பண்ணிடுவோம். காசு வாங்கின உடனே கன்ஃபர்ம் ஆன டிக்கெட்ட கையில கொடுத்துட்டா அதுக்கு அட்டால் தேவையில்ல, அது சரி. ஆனா "நாளைக்கு அனுப்பறேண்ணே"ன்னு இழுத்தா அட்டால் சர்டிஃபிகேட் கேக்கணும். அது இல்ல, டிக்கெட்டும் இல்ல, கார்டும் இல்ல, டிரான்ஸ்ஃபர்லதான் போட்டீங்கன்னா, அந்த கடை மூடினா அது கிணத்துல போட்ட கல்லு. ஏஜென்ட் வழியா கார்டுல போட்டா கூட, காசு வாங்கினது ஒருத்தன், ப்ளேன் ஓட்டறது ஒருத்தன்னு சொல்லி செக்‌ஷன் 75ஐ பேங்க் தட்டி விட வாய்ப்பு இருக்கு. அதே மாதிரி ஃப்ளைட் இல்லாத யூரோப் கோச் டூருக்கு அட்டால் வராது, ஆனா அது பேக்கேஜ்னா 2018 ரூல்படி பான்டோ (உத்தரவாதப் பத்திரம்), இன்ஷூரன்ஸோ, டிரஸ்ட் அக்கவுன்ட்டோ ஏதோ ஒண்ணு அவங்க வச்சிருக்கணும், எதுன்னு கேளுங்க.

ஊர்ல நிலைமை நினைச்சா மனசு கஷ்டமா இருக்கு. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17ல நின்னுச்சு. கோ ஃபர்ஸ்ட் 2023 மே 2ல தானா போய் திவால் மனு போட்டு மறுநாள் ஃப்ளைட்ட நிறுத்துச்சு, 10ஆம் தேதி என்சிஎல்டி, அதாவது கம்பெனி திவால் கேஸ் பாக்கற தீர்ப்பாயம், மனுவ ஏத்துக்கிச்சு. அதோட மொரட்டோரியம், அதாவது கம்பெனிகிட்டருந்து காசு வர வேண்டிய கடன்காரன் எவனும் அத தொட முடியாது, டிக்கெட் எடுத்தவனும் அந்த கடன்காரங்கள்ல ஒருத்தன், பேங்க்காரன் எல்லாம் வாங்கின பிறகு வரிசைல கடைசி ஆளு. ஒரு டிக்கெட்டுக்கு 200 ரூபா எடுத்து தனியா வச்சா என்ன குறைஞ்சிடும்னு எனக்கு புரியல. ஜெர்மனில கூட தாமஸ் குக் விழுந்தப்ப இன்ஷூரன்ஸ்ல 110 மில்லியன் யூரோ உச்சவரம்பு இருந்ததால பத்தாம போய், மிச்சத்த கவர்மென்ட் தன் காச போட்டு கொடுத்துச்சு, அதுக்கப்புறம் 2021ல தனி ஃபண்ட் ஆரம்பிச்சாங்க, 2024 ஜூன்ல எஃப்டிஐ (FTI)ங்கற டூர் கம்பெனி விழுந்தப்ப அதுதான் கை கொடுத்துச்சு.

ஸ்டார் கேட்டீங்கன்னா, அட்டாலுக்கு 5க்கு 4. ஒண்ணு குறைச்சது விலை வித்தியாசத்துக்கு. எனக்கு நானே கொடுக்கறது 2.

ஏன்னா அந்த 120 பவுண்ட். கடைல படகு டூர்னு ஒண்ணு சொன்னாங்க, கேஷா கொடுத்தா இப்பவே பிளாக் பண்ணிடறேன்னு அந்த நல்ல பொண்ணு சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு, நானும் ஆறு 20 பவுண்ட் நோட்ட எடுத்து நீட்டிட்டேன். இன்வாய்ஸ்ல ஏறல, சர்டிஃபிகேட்ல இல்ல, ஒரு துண்டுச் சீட்டுல பேனால "120 பெய்ட்"னு மட்டும் எழுதியிருக்கு. அட்டால்ல அது வரல, நியாயம்தான். அந்த சீட்ட ஸ்கேன் பண்ணி, விழுந்த கம்பெனி சொத்த வித்து பிரிச்சு கொடுக்கற லிக்விடேட்டருக்கு அனுப்பினேன், ஸ்டாஃப் சம்பளம், வரி எல்லாம் போக மிச்சம் இருந்தா பாக்கலாம்னு ஒரு லெட்டர் வந்திருக்கு, கடன்காரங்க பட்டியல்ல எனக்கு ஒரு நம்பரும் கொடுத்திருக்காங்க. வொய்ஃப் அத ஃப்ரிட்ஜ்ல மேக்னட் வச்சு ஒட்டியிருக்கா. அம்மா வீடியோ கால்ல அத பாத்துட்டு, "உங்கப்பாவோட கவர அனுப்பட்டுமா, அதுக்குள்ள போட்டு வச்சுக்கோ"ங்கறாங்க.