தண்ணீர் நிற்கும் மண்ணில் புல்வெளி: போடலாமா, விடலாமா?

மழை விட்டு இரண்டு நாள் ஆகியும் கால் வைத்தால் சொதசொதவென்று உள்ளே போகிறது. அந்த இடத்தில்தான் புல்வெளி வேண்டும் என்று மனசு கேட்கிறது. நானும் ஒருமுறை அப்படி அவசரப்பட்டேன். பாய் போலச் சுருட்டி வந்த புல், விரித்த அன்று பார்க்க அவ்வளவு அழகு. மூன்றாவது மாதம், மஞ்சள் பூத்த ஒரு திட்டைக் கையால் தூக்கிப் பார்த்தேன். பாயைப் போலவே முழுசாக எழுந்து வந்தது. அடியில் வேர் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. அதற்குக் கீழே மண் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில், அழுகிய முட்டை வாடையோடு கிடந்தது.

அந்த வாடையில்தான் முழுக் கதையும் இருக்கிறது. மண்ணுக்குள் காற்று இருக்க வேண்டிய நுண்துளைகளைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் வேருக்கு ஆக்சிஜன் போகாது. காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். ஆக்சிஜன் இல்லாத மண்ணில் பெருகும் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை விடுகின்றன. முட்டை வாடை அதிலிருந்து வருவது. புல் மூச்சு முட்டிச் செத்துக்கொண்டிருக்க, நாம் மேலே உரம் தூவிக்கொண்டிருப்போம்.

சரி, என்னென்ன வழிகள் என்று பார்ப்பதற்கு முன் ஒரு குழி தோண்டிவிடுங்கள். 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழம். தண்ணீர் நிரப்பி ஒருமுறை வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, குச்சி நட்டு, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று குறியுங்கள். 2.5 செ.மீ.க்கு மேல் இறங்கினால் புல்லுக்கு அது போதும். அதற்குக் கீழே என்றால் மண் வடியவில்லை என்று அர்த்தம். குழி வெட்டும்போதே பக்கவாட்டில் ஊறி நிறைந்தால் நிலத்தடி நீர்மட்டமே மேலே இருக்கிறது, அது வேறு வியாதி. இந்தச் சோதனையைக் கோடையில் மட்டும் செய்து ஏமாறாதீர்கள். வெடித்துக் கிடக்கும் களிமண், விரிசல் வழியாகத் தண்ணீரைக் குடித்துவிட்டு நல்ல பிள்ளை போல நடிக்கும்.

இன்னொரு கணக்கு. 1 ச.மீ. பரப்பில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். 100 ச.மீ. கூரையில் 25 மி.மீ. மழை பெய்தால் 2,500 லிட்டர். அந்தக் கூரைக் குழாயின் வாய் தோட்டத்தைப் பார்த்திருந்தால் குற்றம் மண்ணுடையதே அல்ல. குழாயைத் திருப்பிவிட்டு ஒரு மழையைப் பாருங்கள். கீழே சொல்லும் எந்த வேலையும் தேவைப்படாமலே போகலாம்.

அப்படியே போட்டால்

செலவு குறைவு, ஒரு வார இறுதியில் வேலை முடிந்துவிடும். இது எடுபடுவது ஒரே ஒரு நிலைமையில்: மண் அடிப்படையில் நல்லது, ஆனால் மிதிபட்டு இறுகியிருக்கிறது. புது வீடுகளைச் சுற்றி இது சகஜம். கட்டும்போது வந்த வண்டிகள் மண்ணை அமுக்கிவிட்டுப் போயிருக்கும். கடப்பாரையைக் குத்தினால் சுலபமாக இறங்கி, ஒரு சாண் ஆழத்தில் டங்கென்று நின்றால் இதுதான் கதை. அந்த இறுகிய அடுக்கை உடைத்து, 5 செ.மீ. கனத்துக்கு மக்கு, அதாவது மக்கிய உரம், பரப்பி, மேல் 15 செ.மீ. மண்ணோடு கலந்துவிட்டால் பல இடங்களில் போதும். வேலையை ஈர மண்ணில் மட்டும் செய்யாதீர்கள். ஈரக் களிமண்ணை மண்வெட்டி தொட்ட இடமெல்லாம் பூசி மெழுகின மாதிரி அடைத்துக்கொள்ளும்.

நிஜமான களிமண் என்றால் இந்த வழி தோற்கும். அப்போது யாராவது வந்து “ரெண்டு லோடு மணல் அடிங்க, சரியாயிடும்” என்பார்கள். ஆகாது. களிமண் துகள் 0.002 மி.மீ.க்கும் சிறியது. கொஞ்சம் மணலைப் போட்டால் அந்தத் துகள்கள் மணலின் இடைவெளிகளில் போய் உட்கார்ந்து, காய்ந்ததும் செங்கல் மாதிரி ஆகிவிடும். மணல் வேலை செய்ய வேண்டுமானால் கலவையில் பெரும்பங்கு மணலாகவே இருக்க வேண்டும். அது மண்ணைத் திருத்துவது ஆகாது, மண்ணையே மாற்றுவது. ஜிப்சமும் அப்படித்தான். சோடியம் மிகுந்த களர் களிமண்ணில் நன்றாக வேலை செய்யும், மற்ற களிமண்ணில் விழலுக்கு இறைத்த நீர்.

புல் வகையை மாற்றினால் தப்பிக்கலாமா? ஓரளவுக்கு. அருகம்புல் இனங்கள் சில நாள் தண்ணீரைத் தாங்கும். சீஷோர் பஸ்பாலம் ஈரத்தையும் உப்பையும் சேர்த்தே தாங்கும். குளிர்ப் பகுதிகளில் டால் ஃபெஸ்க்யூ பரவாயில்லை. ஆனால் தாங்குவது என்பது உயிரோடு கிடப்பது மட்டும்தான். அதன்மேல் பிள்ளைகள் ஓடி விளையாட, மண் கெட்டியாக இருக்க வேண்டுமே!

குழாயா, மேடா?

நிஜமான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

குழாய் என்றால் பள்ளம் வெட்டி, வடிதுணி விரித்து, துளையிட்ட குழாயை வைத்துச் சுற்றிலும் ஜல்லி நிரப்புவது. பிரெஞ்ச் டிரெயின் என்பார்கள். பெயரைப் பார்த்து பிரான்ஸுக்குப் போய்விட வேண்டாம். 1859-ல் பண்ணை நிலங்களின் வடிகால் பற்றி எழுதிய ஹென்றி பிரெஞ்ச் என்ற அமெரிக்கரின் பெயர் அது.

இதில் எல்லாரும் குழாயின் அளவைப் பற்றியே பேசுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: தண்ணீர் எங்கே போய் விழும்? குழாய்க்கு 100-க்கு 1 சரிவாவது வேண்டும். 20 மீட்டர் ஓடினால் 20 செ.மீ. இறக்கம். 45 செ.மீ. ஆழத்தில் தொடங்கினால் மறுமுனை 65 செ.மீ. ஆழத்தில் இருக்கும், தரை சமமாக இருந்தால். அந்த ஆழத்துக்கும் கீழே ஓர் ஓடையோ வடிகாலோ உங்களுக்கு உண்டா? இருந்தால் குழாய் அருமையான வழி. பக்கத்துக்காரர் தோட்டத்தை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். போக்கிடம் இல்லையென்றால் முனையில் ஓர் உறிஞ்சுகுழி வெட்டச் சொல்வார்கள். வடியாத களிமண்ணில் வெட்டிய உறிஞ்சுகுழி, மண்ணுக்குள் புதைத்த பானைதான். முதல் மழையில் நிறைந்து அப்படியே நிற்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. களிமண்ணுக்குள் தண்ணீர் பக்கவாட்டில் நகர்ந்து குழாயை எட்ட நாளாகும். அதனால் ஜல்லியைத் தரைமட்டம் வரை கொண்டுவந்து, மேலே ஓடிவரும் நீரை நேராகப் பிடித்தால்தான் பலன். அழகுக்காக ஜல்லியின்மேல் களிமண்ணை மூடிப் புல் பரப்பினால் குழாய் கீழே சும்மா கிடக்கும்.

மேடாக்குவதற்குப் போக்கிடம் அவ்வளவு ஆழத்தில் தேவையில்லை, மேற்பரப்பில் ஒரு தாழ்ந்த இடம் இருந்தால் போதும். என் ஓட்டு இதற்குத்தான். நடுவைச் சற்று உயர்த்தி இருபுறமும் 100-க்கு 2 சரிவு கொடுங்கள். 5 மீட்டருக்கு 10 செ.மீ. கண்ணுக்கே தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். ஆனால் மண்ணின் அளவைக் கேட்டால் தலை சுற்றும். 100 ச.மீ. பரப்பை 15 செ.மீ. உயர்த்த 15 கன மீட்டர் மண் வேண்டும். அதைத் தள்ளுவண்டியில் தள்ளிய முதுகு சொல்கிறது, குறைத்து எடை போடாதீர்கள்.

இறுகிய தரையின்மேல் புது மண்ணை அப்படியே கொட்டுவது பெரிய தப்பு. இரண்டும் சேரும் இடத்தில் தண்ணீர் தங்கிவிடும். கீழ்த்தரையைக் கொத்தி, புது மண்ணில் கொஞ்சத்தை அதோடு கலந்த பிறகே மேலே போடுங்கள். அடியில் ஜல்லி அடுக்கு போட்டால் வடியும் என்பதும் தப்பு. மேல்மண் முழுக்க நனைந்து கனக்கும் வரை தண்ணீர் ஜல்லிக்குள் இறங்காது. கோல்ஃப் மைதானங்களில் 10 செ.மீ. சரளைமேல் 30 செ.மீ. மணல் போடுகிறார்களே என்றால், சல்லடை பிடித்துத் தேர்ந்த அந்த மணலில் கொஞ்சம் ஈரம் தங்கட்டும் என்றே அப்படி அமைக்கிறார்கள். போதாததற்குச் சரளைக்கு அடியில் வடிகுழாயும் ஓடும்.

இரண்டு இடங்களில் மேடு கூடாது. வீட்டுச் சுவரின் ஈரத்தடுப்பு அடுக்குக்கு 15 செ.மீ. கீழேயே மண் நிற்க வேண்டும், இல்லையென்றால் சுவரில் ஓதம் ஏறும். வளர்ந்த மரத்தடியிலும் மண் ஏற்ற வேண்டாம். உணவு தேடும் வேர்கள் மேல்மண்ணில்தான் இருக்கின்றன. மூடினால் புல்லுக்கு நேர்ந்ததே மரத்துக்கும் நேரும்.

புல்லே வேண்டாம் என்றால்

செயற்கைப் புல்லைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். அதற்கும் அடியில் வடிகால் வேண்டும், வெயிலில் கால் சுடும். விட்டுவிடலாம். சரளைப் பாதை, நடைக்கல் எல்லாம் ஆள் நடமாடும் ஓரங்களுக்குச் சரி.

தாழ்ந்த மூலையை மட்டும் தண்ணீருக்கே கொடுத்துவிடுவதுதான் எனக்குப் பிடித்தது. வீட்டிலிருந்து 3 மீட்டராவது தள்ளி, 15 செ.மீ. ஆழத்தில் ஒரு தாம்பாளம் மாதிரி வெட்டி, ஈரத்தை விரும்பும் செடிகளை வைப்பது. கொசு வருமே என்பது நியாயமான பயம். முட்டை கொசுவாக ஒரு வாரமாவது ஆகும். இரண்டு நாளில் வற்றிவிட்டால் பயமில்லை. ஒரு வாரம் நிற்கும் என்றால் இந்த வழி உங்களுக்கு இல்லை.

நான் கடைசியில் செய்தது கலவைதான். கூரை நீரைத் திருப்பினேன். 20 ச.மீ. மூலையில் 15 செ.மீ. வெட்டியதில் 3 கன மீட்டர் மண் கிடைத்தது. அதை மக்கோடு கலந்து மீதி 60 ச.மீ.யில் போட்டதில் தரை 5 செ.மீ. உயர்ந்தது. வெளியிலிருந்து வாங்க வேண்டிய மண் அந்த அளவுக்கு மிச்சம். இப்போது மழைக்கு மறுநாள் காலையில் புல்லில் செருப்பில்லாமல் நடக்க முடிகிறது. மூலையில் கல்வாழை ஆளுயரம் நிற்கிறது. இரவில் தவளைச் சத்தம்தான் கொஞ்சம் அதிகம்.