தாமான் ரவுண்டபவுட் நடுவுல என்ன வைக்கலாம்: ஃபவுன்டனா, பூச்செடி மேடா?

மலேசியாவுல கேஎல் (கோலாலம்பூர்), பினாங்கு பக்கம் தாமான் (வீடுங்க இருக்கற குடியிருப்பு) கமிட்டில இந்தப் பேச்சு அடிக்கடி வருது, அதான் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துடலாம்.

செலவு
ஃபவுன்டன்: தொட்டி, பம்ப், வயரிங், அப்புறம் மாசாமாசம் கரண்ட் பில்.
மேடு: மண்ணு, செடி, கொஞ்சம் கூலி, அவ்ளோதான்.

பாதுகாப்பு
ஃபவுன்டன்: காத்தடிச்சா தண்ணி ரோட்டுல தெறிக்கும், மோட்டார் சைக்கிள்ல போறவங்களுக்கு வழுக்கும். சின்னப் பிள்ளைங்க தண்ணியப் பாத்தா ரோட்டைத் தாண்டி ஓடும், அதுதான் எனக்கு ரொம்ப பயம்.
மேடு: நடுவுல கொஞ்சம் உசரமா இருந்தா தூரத்துல வரும்போதே நேரா போக முடியாதுன்னு தெரிஞ்சு ஸ்லோ பண்ணுவாங்க, ராத்திரி எதிர்பக்க லைட்டும் கண்ணுல அடிக்காது. ஆனா ஓரத்துல ரெண்டடிக்கு மேல செடி வளர விடாதீங்க, நம்ம ஊர்ல வலது பக்கம் வர்ற வண்டிக்குத்தான் வழி விடணும், அது மறைஞ்சா போச்சு. பெருத்து வளர்ற மரமும் வேணாம், வண்டி கட்டுப்பாடு தப்பி ஏறினா உயிருக்கே ஆபத்து.

பராமரிப்பு
ஃபவுன்டன்: பம்ப் ரிப்பேர் ஆகி தண்ணி தேங்குச்சுன்னா ஏடிஸ் கொசு, டெங்கி.
மேடு: இட்லிப்பூ வெயிலும் தாங்கும், வெட்டிவிட்டா குட்டையாவே நிக்கும். காகிதப்பூ அழகுதான், ஆனா முள்ளு, நடுவுல மட்டும் வைங்க.

அழகுக்கு ஃபவுன்டன் ஜெயிக்கும், ஒத்துக்கிறேன். தினமும் பாத்துக்க ஆள் இருக்கற பெரிய கான்டோ (அடுக்குமாடி) வாசலுக்கு அது சரி. பிள்ளைங்க நடமாட்டம் உள்ள தாமானுக்கு பூச்செடி மேடுதான், வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கவுன்சில்ல பெர்மிட் கேட்டுடுங்க.