டியூப் லைட் பச்சையை எடுத்துத் தருவோம் என்றால் நம்பாதீர்கள்: 21,600 ரூபா போச்சு

தேயிலை பெக்டரிக்குள் டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்த 6 கலர் பிலிம் ரோல். ரோலுக்கு 36 வீதம் 216 படம். கழுவும் கூலி தனி. டியூப் லைட்டால் படத்தில் விழும் பச்சைச் சாயலை நீக்க மட்டும் படத்துக்கு 100 ரூபா, ஆக 21,600. முழுவதையும் முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள். நேற்று லிங்க் வந்தது, திறந்து பார்த்ததிலிருந்து வயிறு எரிகிறது.

பெயர் போடவில்லை. கூரியரில் ரோல் வாங்கி, கழுவி, ஸ்கேன் பண்ணித் தரும் ஒன்லைன் லேப்.

எடுப்பதற்கு முன்பே கேட்டேன், எஃப்எல்-டி பில்டர் (டியூப் லைட் பச்சையைக் குறைக்க லென்ஸில் மாட்டுகிற ரோஸ் நிறக் கண்ணாடி) போட வேண்டுமா என்று. "அதெல்லாம் வேணாம் அண்ணே. ஐஎஸ்ஓ 400 பிலிமை கமராவுலயும் 400லயே வச்சு எடுங்க. எங்க ஆளு ஒவ்வொரு படமா உக்காந்து கலர் எடுப்பாரு." கூடவே ஒரு கல்யாண மண்டபப் படம், முன்னும் பின்னுமாக. மாப்பிள்ளையின் வேட்டி சுத்த வெள்ளை. அதைப் பார்த்துத்தான் பில்டரைப் பையிலேயே விட்டேன்.

டேலைட் பிலிம் 5500 கெல்வின் வெளிச்சத்துக்குச் செய்தது. டியூப்பில் இருக்கும் பாதரசம் 546 நனோமீற்றரில் பச்சையைக் கொட்டும். கூல் வைட் டியூப்பில் சிவப்பு குறைவு. மீட்டர் பச்சையைப் பார்த்து வெளிச்சம் போதும் என்று காட்டும், பிலிமில் சிவப்பை வாங்கும் அடுக்கோ பட்டினி கிடக்கும். எஃப்எல்-டி அல்லது 30 மெஜென்டா (ஊதா கலந்த ரோஸ்) பில்டர் போட்டு, வெளிச்சத்தை 2/3 முதல் 1 ஸ்டொப் வரை (1 ஸ்டொப் என்றால் இரட்டிப்பு) கூட்டிக் கொடுத்தால்தான் அந்த அடுக்கு நிறையும். பில்டர் இல்லையென்றால் 400 பிலிமுக்குக் கமராவை 200இலாவது வைத்துக் கூடுதல் வெளிச்சம் கொடுக்க வேண்டும். லேப் நடத்துகிறவர்களுக்கு இது தெரியாதா?

சலிக்கும் அறைப் படம் ஒன்று. ஒரு பக்கம் ஜன்னல், மறுபக்கம் டியூப். ஜன்னலோரத்து வெள்ளைச் சாக்கு ரோஸ் நிறம். டியூப்புக்குக் கீழே நிற்கிற அக்காவின் நாடிக்கடியில் நிழல் பாசி நிறம். கையால் செய்கிறவர் ஜன்னல் பக்கத்தைப் பிரித்துத்தான் செய்வார். இதில் முழுப் படத்துக்கும் ஒரே மெஜென்டா. பெக்டரி வாசலில் வெறும் பகல் வெளிச்சத்தில் எடுத்த 4 படங்களிலும் அதே ரோஸ்! ஒரே செட்டிங்கை 216க்கும் ஓட்டிவிட்டு, படத்துக்கு 100 ரூபா.

கேட்டால், "உங்க போன் டிஸ்ப்ளே அப்படி." பிறகு, "பிலிம் பழசா இருக்கும்." பெட்டியில் திகதி முடியவே இல்லை. நெகட்டிவ் இன்று வந்தது, பிலிம் கம்பெனி ஓரத்தில் பதித்த எழுத்துகள் கறுப்பாக, தெளிவாக இருக்கின்றன, அதனால் கழுவியதில் பிழையில்லை. 16 பிட் டிஃப் ஃபைலாவது (நிறம் திருத்த ஜேபெக்கை விட அதிக விவரம் உள்ள ஸ்கேன்) தாருங்கள், நானே சரிபண்ணுகிறேன் என்றேன். "ஜேபெக் மட்டுந்தான் அண்ணே, மத்தது அழிச்சாச்சு." அதன்பின் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. 21,600 ரூபா!

எல்லாவற்றையும் படிப்படியாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. இதையாவது பிடித்துக்கொள்ளுங்கள். லேப் என்ன சொன்னாலும் பில்டரைப் போடுங்கள். ஸ்லைட் பிலிம் என்றால் அது இல்லாமல் எடுக்கவே வேண்டாம். பழைய சோக் டியூப் என்றால் ஷட்டர் 1/50 அல்லது 1/30. நம் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், டியூப் நொடிக்கு 100 தடவை துடிக்கும், 1/250இல் படத்துக்குப் படம் நிறம் மாறும். பில்டரோடு ஃபிளாஷ் அடித்தால் ஃபிளாஷுக்குப் பச்சை ஜெல் (நிறத் தாள்) ஒட்டுங்கள், அதுவும் டியூப் நிறத்துக்கு வரும். முதலில் ஒரே ஒரு ரோல் அனுப்புங்கள், ஜன்னலும் டியூப்பும் சேர்ந்த படம் அதில் இருக்கட்டும். டிஃப் தருவார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். முழுக் காசை முன்கூட்டிக் கொடுக்காதீர்கள்.